பேபி நர்சரியின் வால் புழு

காந்திமதி டார்ச் அடித்தாள். செடியின் நடுவில், இலைகள் ஒன்றுசேர்ந்து கிண்ணம்போல் குழிந்திருந்த இடத்தில், டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் ஏதோ நெளிந்தது. அவள் கரண்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். சாம்பல் நிறப் புழுக்கள், அரிசிப் பருமன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூல் மாதிரி ஒரு வால்.

"இன்னாக்கா இது?" என்றாள் காந்திமதி.

நர்சரிக்காரி பேபி தட்டின் மேல் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவே திரண்டு நின்றது. பச்சை வலைக் கூரைக்கு அடியில் அத்தனை பேரை நான் அதுவரை பார்த்ததில்லை. செடி வாங்கக் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், புழு பார்க்கக் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர் செல்போனைத் தட்டுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தார். அவர் போனை இறக்குவதற்குள், "நம் தெருவில் டெங்கு உற்பத்தி, அதிர்ச்சி வீடியோ" என்று தெருவின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது.

நர்சரி இருக்கும் மனையின் சொந்தக்காரர் குமரவேல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்து, ஆளே பாதியாக இருந்தார். அவருடைய மகள் தமிழினி, மூன்றாவது படிக்கிற குழந்தை, தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் டெங்குக் காய்ச்சலோடு படுத்திருந்தாள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள்.

"டெய்லி சாயங்காலம் எம் பொண்ணு இங்கதான் இருந்தா. டெங்கு கொசு பகல்லதான் கடிக்குமாம், டாக்டரே சொன்னாரு. வேற எங்க கடிச்சிருக்கும்? சொல்லு பேபி."

வழக்கமாக அவர் "பேபிக்கா" என்றுதான் கூப்பிடுவார். அன்று அக்கா விழுந்துவிட்டது. பேபிக்கும் அது காதில் உறைத்திருக்க வேண்டும்.

"தம்பி, வெள்ளிக்கெயம தவறாம கொசுப்புழு பொடி போடறேன். காந்திமதியக் கேளுங்க. அவதான் சொல்லிக் குடுத்தா."

"பொடி போட்டா புழு எப்டி உயிரோட கீது?"

காந்திமதி வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறவள். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று எதையும் விடமாட்டாள். அந்தப் பொடியை நல்ல பொடி என்று பேபியிடம் சொன்னவளும் அவள்தான். இப்போது அவளும் தட்டையும் பேபியையும் மாறி மாறிப் பார்த்தாள். பொடி போட்ட தண்ணீரில் புழு இருக்கக் கூடாது. இருக்கிறது. ஒன்று பேபி பொய் சொல்கிறாள், இல்லாவிட்டால் பொடி பொய். கூட்டத்துக்கு எது வசதியோ அதை அது நம்பியது.

நான் எதிர்வீட்டுக்காரி. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். வலையும் செடியுமாக இருக்கும் அந்த மனை நாள் முழுக்க என் கண்ணெதிரே இருப்பது. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்த ஈரத்தோடு, ஒரு டப்பாவும் ஸ்பூனுமாகப் பேபி ஒவ்வொரு செடியாகக் குனிந்து பொடி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சத்தமாகச் சொன்னேன். "நீங்க தைக்கிறதப் பாருங்கக்கா" என்றார் வீடியோக்காரர். அந்த ஆளுக்கு இனி பேன்ட் சுருக்கிக் கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பேபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்த ஊர் இந்தப் பக்கத்துக் கிராமம்தான். கணவர் அசரியா பெயின்டர், வேலை எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊரில் இருப்பார், கிறிஸ்துமஸுக்கு வருவார். பேபி முதலில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தாள். கண்ணாடிக் கட்டடத்துக்குள் வரவேற்பறை ஓரமாக வைத்திருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. அன்னாசிச் செடியின் உறவுக்காரச் செடி அது. நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ வரும். பூ வாடியதும் கம்பெனிக்காரர்கள் செடியைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். அடியில் குட்டி விட்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பேபி அந்தக் குட்டிகளைப் பைக்குள் வைத்து எங்கள் முடிச்சூருக்குக் கொண்டுவந்தாள். புரோமிலியாட் என்ற பெயர் அவள் வாயில் "புரோமி" ஆயிற்று, வீட்டு நாய்க்குட்டி பெயர் மாதிரி.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் தெருவில் மாடிப்படி பாதி வரை தண்ணீர். என் இரண்டு மெஷினும் போயின. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பேபியின் ரோஜாவும் செம்பருத்தியும் அழுகிக் கிடந்தன. புரோமிகள் மட்டும் தேங்காய் நார்க் கட்டியோடு மிதந்துபோய், ஒரு மதில் ஓரமாக ஒதுங்கி, எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தன. "மண்ணும் வாணாங்குது, தண்ணியயும் தலமேல வெச்சிக்குது. இதாங்க்கா நம்மூருக்குச் செடி" என்றாள். குமரவேலின் குடும்பம் ஒருகாலத்தில் இங்கே நெல் போட்டவர்கள். வயலெல்லாம் மனையாகி விற்றுப்போன பிறகு மிஞ்சிய ஒரு மனையை அவளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இன்று ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இங்கிருந்துதான் புரோமி போகிறது.

தமிழினியின் அம்மா சந்திரிகா, கூடுவாஞ்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் ரயில் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். ஸ்கூல் வேன் குழந்தையை நர்சரி வாசலில் இறக்கிவிடும். பேபிதான் முகம் கழுவிவிட்டு, பிஸ்கட் கொடுத்து, பாடம் எழுத வைப்பாள். எழுதி முடித்ததும் குழந்தை செடி செடியாகப் போய்க் கிண்ணத்தை எட்டிப் பார்க்கும். "பேபிம்மா, வால் புழு! இன்னொரு வால் புழு!" என்ற கூச்சல் என் வீடு வரை கேட்கும். அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். பேபி சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். இப்போது அதுதான் அவள் கழுத்தை நெரித்தது.

"அண்ணா, கொசுப்புழுன்னா தட்டுல துள்ளும்" என்றாள் காந்திமதி, குமரவேலிடம். "இது துள்ளல, ஊருது. நான் இந்த மாதிரி பாத்ததில்ல. ஒரு பாட்டில்ல போட்டு துணி கட்டி வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். கொசுப்புழுவா இருந்தா கொசுவாத்தான் வரும்."

"எங்க வெக்கிறது? இவ வூட்டுலயா? மாத்தி வெச்சிட்டா?"

"உங்க வூட்டு வாசல்லயே வையுங்க தம்பி" என்றாள் பேபி. அதுதான் அவள் வாயிலிருந்து தானாக வந்த முதல் பேச்சு.

"வெக்கிறேன். கொசு வந்துச்சுன்னா அன்னிக்கே வண்டி வரும். ஒரு செடி இங்க இருக்கக் கூடாது."

"சரி தம்பி."

என் வீட்டு ஊறுகாய் பாட்டிலைத்தான் கழுவிக் கொடுத்தேன். புழுக்களை அந்தத் தண்ணீரோடேயே ஊற்றி, ஒரு இலைத்துண்டைக் கிழித்து உள்ளே சாய்த்து வைத்து, வாயில் கொசுவலைத் துணியை மடித்துப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினாள் காந்திமதி. குமரவேல் வீட்டு கேட் தூணின் மேல், மழை படாமல் ஒரு ஓட்டுக்குக் கீழே அது உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் பேபி என் வீட்டுக்கு வந்தாள். டீ கொடுத்தேன், ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தாள்.

"பயப்படாத. அது கொசு இல்ல" என்றேன்.

"உங்களுக்கு எப்டிக்கா தெரியும்? எனுக்கே தெர்ல. இத்தினி வருசமா பாக்கறேன், அயுக்குத் தண்ணிப் புழுன்னு வுட்டுட்டேன். இன்னா ஏதுன்னு ஒருத்தரக் கேட்டதில்ல."

"நர்சரி போனா வேற இடம் பாத்துக்கலாம்."

"நர்சரி போனா போவுதுக்கா" என்று சட்டென்று கத்தினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அதுல கொசு வந்திச்சின்னா, எம் புள்ளயக் கடிச்சத நாந்தான் வளத்தேன்னு ஆயிடும். பிஸ்கட் குடுத்து உக்கார வெச்சி கடிக்க வுட்டேன்னு ஆயிடும். அத எப்டிக்கா தாங்கறது?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கழுவினேன்.

அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. பால் வாங்கப் போகிறவர் பாட்டிலை எட்டிப் பார்ப்பார். பிள்ளைகளை வேன் ஏற்றுகிறவர்கள் பாட்டிலைப் பார்ப்பார்கள். வாக்கிங் போகிறவர்கள் தூணுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்குவதுபோல் பார்ப்பார்கள். வீடியோக்காரர் காலையும் மாலையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பேபி மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. குமரவேல் வீடு பூட்டிக் கிடந்தது, அவரும் அவர் அம்மாவும் சந்திரிகாவும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். அந்த வீட்டைச் சோதிக்க வந்த காந்திமதி, பூட்டியிருந்ததால் சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போனாள்.

குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதாகச் செய்தி வந்தது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறதாம். பேபி வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். மேலே விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டூவீலர்கள் நிற்குமிடத்திலேயே நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தாள். சந்திரிகா ஒருமுறை இறங்கி வந்தபோது இவளைப் பார்த்தாளாம், பேசவில்லையாம். "தலைய குனிஞ்சிக்கினு போய்ட்டா. நாந்தான் காரணம்னு நெனச்சிட்டா போல" என்றாள் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள், ஜெபம் பண்ண வாய் வரவில்லை என்றாள். குழந்தைக்காகக் கேட்கப் போனால் பாட்டில் ஞாபகம் வருகிறதாம். பாட்டிலுக்காகக் கேட்டால் குழந்தையை மறந்த பாவம் வருகிறதாம்.

ஒரு காலை, தெருவில் கூச்சல். நான் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பாட்டிலில் புழு இல்லை.

தண்ணீர் இருந்தது, இலைத்துண்டு இருந்தது. நெளிய ஒன்றும் இல்லை. "பறந்துடுச்சு! துணில எங்கயோ ஓட்ட இருக்கு, கொசுவாகிப் பறந்துடுச்சு!" என்றார் வீடியோக்காரர். எல்லோரும் அவரவர் கைகாலைத் தட்டிக்கொண்டார்கள். ஒரு பாட்டிலிலிருந்து போன கொசு தெருவையே கடித்துவிட்டது என்கிற மாதிரி. யாரோ குமரவேலுக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே அவர், "வண்டிக்குச் சொல்லிட்டேன். காலி பண்ணச் சொல்லுங்க" என்றார். ஸ்பீக்கரில் கேட்டது. பின்னால் ஏதோ மெஷின் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்ததும் கேட்டது.

பேபி வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். திரும்பி நர்சரிக்குள் போய், முதல் செடியைத் தூக்கிச் சாக்கில் வைக்க ஆரம்பித்தாள். "நில்லு பேபி, காந்திமதி வரட்டும்" என்று கத்தினேன். அவள் நிற்கவில்லை.

காந்திமதிக்கு நான்தான் போன் செய்தேன். அடுத்த தெருவில் இருந்தவள் சைக்கிளில் வந்தாள். பாட்டிலை இறக்கி, துணியை அவிழ்க்காமல், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பினாள். ரப்பர் பேண்டுக்கு மேலே, துணி மடிப்புக்கு உட்புறமாக, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில், உளுந்து மாதிரி, வால் சுருண்டு. இலைத்துண்டின் உலர்ந்த மடிப்பிலும் அதேபோல்.

"போவலை. தண்ணிய வுட்டு மேல ஏறி கூடு கட்டிக்கிச்சு" என்றாள்.

"செத்திருக்கும்" என்றார் ஒருவர்.

"செத்துதா இல்லையான்னு வெச்சிருந்தாதான தெரியும்? கொசுவோட கூடு தண்ணியிலயே மெதக்கும், அண்ணா. மேல ஏறி ஒட்டிக்கினு நான் பாத்ததில்ல. குமரவேல் அண்ணாகிட்ட நான் பேசறேன்."

பேசினாள். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வண்டி வந்தது, வெறுமனே திரும்பிப் போயிற்று. பேபி சாக்கிலிருந்து செடியை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை. இன்னும் தெரியவில்லையே என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தது இன்னும் கொடுமை. பழுப்பு மணிகள் அசையவில்லை. தெருவுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது, எட்டிப் பார்ப்பது குறைந்தது. அந்தப் பக்கமே வராத பேபி இப்போது தினமும் வந்து நின்றாள். பாட்டிலைத் தொடமாட்டாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள். தமிழினிக்கு நீர் வடிய ஆரம்பித்துவிட்டது, பிளேட்லெட் ஏறுகிறது என்று செய்தி வந்தபோது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு மறுபடி பாட்டிலைப் பார்த்தாள்.

அடுத்த வாரம், இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கேட் பக்கமிருந்து பேபியின் குரல். "அக்கா! அக்கா! ஓடியாங்க!"

பாட்டிலுக்குள் ஒரு தேனீ. அப்படித்தான் முதலில் நினைத்தேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடம்பு, பெரிய கண். இலைத்துண்டில் உட்கார்ந்து, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழுப்புக் கூடு, மூடி திறந்த டப்பா மாதிரி வாய் பிளந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வெளியே வந்தது. தெரு மறுபடி கூடிவிட்டது. குமரவேலும் அன்று வீட்டில் இருந்தார். மறுநாள் குழந்தையை அனுப்புகிறார்கள் என்பதால் வீட்டைச் சுத்தம் செய்ய வந்திருந்தார்.

காந்திமதி வந்து எல்லோர் முன்னாலும் துணியை அவிழ்த்தாள். வீடியோக்காரர் இரண்டடி பின்னால் போனார். முதல் பூச்சி வெளியே வந்தது. ஓடிவிடவில்லை. குமரவேலின் முகத்துக்கு நேராக, அந்தரத்தில், ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது. இறக்கை அடிப்பது கண்ணுக்கே தெரியவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். பூச்சி அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் சறுக்கி, முருங்கைப் பூப் பக்கம் போயிற்று.

காட்டாங்குளத்தூர் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் வினிதா என்ற பெண் பேபியிடம் செடி வாங்குகிறவள். பிற்பாடு காலிக் கூட்டைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள். ஹோவர்ஃப்ளை என்று பெயராம், அந்தரத்தில் நிற்கிற ஈ. கடிக்காது, பூவில் தேன் குடிக்கும். அந்த வால் உண்மையில் மூச்சுக்குழாய். தண்ணீருக்கு அடியில் அழுகல் தின்றுகொண்டே மேலே மூச்சு வாங்க அது. புரோமியின் சொந்த ஊரான தென் அமெரிக்கக் காடுகளில், அந்தச் செடியின் கிண்ணத் தண்ணீரிலேயே பிறந்து வளரும் ஈ வகைகள் இருக்கின்றனவாம். இது செடியோடு கப்பலேறி வந்ததா, நம்மூர் ஈயே இடம் பிடித்துக்கொண்டதா என்பதை ஆராயாமல் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பொடி கொசுப்புழுவைக் கொல்லும், இதை ஒன்றும் செய்யாது. பேபி சொன்னதும் பொய்யில்லை, பொடியும் பொய்யில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது அது கொசு இல்லை என்பது மட்டும். அதுவே போதுமாக இருந்தது.

"மன்னிச்சிக்கோ பேபிக்கா" என்றார் குமரவேல். அக்கா திரும்பி வந்துவிட்டது. "புள்ள அப்டி கெடக்கும்போது எனுக்கு ஒண்ணும் புரியல. நீ பாட்டுக்கு இங்கயே இரு."

பேபி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வீடியோக்காரரைப் பார்த்து, "இதையும் படம் எடுத்துப் போடுங்க" என்றேன். அவர் போனில் சார்ஜ் இல்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் மாமியாரைத் துணைக்கு விட்டுவிட்டு வந்த சந்திரிகா மாடியில் குழந்தையின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேபி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள், நானும் பினாயில் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். எங்களைப் பார்த்ததும் சந்திரிகா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். பாவம், அவளும் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டில் பக்கத்திலேயே அத்தனை நாளும் உட்கார்ந்தவள்.

பேபி திரைச்சீலையை விலக்கினாள். ஜன்னல் மேடையில் ஒரு புரோமி இருந்தது. பிறந்தநாளுக்கு அவளே தமிழினிக்குக் கொடுத்தது, பளபளக்கும் ரோஸ் நிறத் தொட்டியில். எனக்கும் நினைவு வந்தது. கட்டிலுக்கு ஒரு கை தூரம்.

நர்சரிச் செடியின் தண்ணீர் மாதிரி இல்லை இது. அழுக்கை வடித்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தன. வால் இல்லாதவை. மேலே வந்து, தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் வெட்டி வெட்டிக் கீழே போகிறவை. எனக்கே தெரிந்தது. காந்திமதி தட்டில் காட்டிக் காட்டித் தெருவுக்கே தெரிந்த புழு.

தொட்டியில் ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனோடு ஒரு சின்னப் பொட்டலம். பேபி செடி கொடுக்கும்போதெல்லாம் கூடவே கட்டிக் கொடுக்கும் கொசுப்புழுப் பொடி. பிரிக்கவே இல்லை. பின் அடித்தது அடித்தபடி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். சந்திரிகா வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பார்வை பொட்டலத்தின் மேல் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

படியில் குமரவேல் ஏறி வரும் சத்தம் கேட்டது. பேபி பொட்டலத்தை ரிப்பனிலிருந்து பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, இங்க வாங்க" என்றாள். "இத பாருங்க. இதுல கீது. இதான் கொசு."

குமரவேல் குனிந்து பார்த்தார்.

"இது யார் குடுத்த செடி?"

"நாந்தான் குடுத்தேன்."

"பொடி போடணும்னு சொன்னியா?"

நான் வாயைத் திறந்தேன். பேபி என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற மாதிரி. "மறந்துட்டேன் தம்பி" என்றாள்.

சந்திரிகா வாளியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பெற்ற குழந்தை பக்கத்தில் பூச்சி மருந்து எதற்கு என்று ஒரு தாய் நினைத்தது குற்றமா? சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல தண்ணீர் ஊற்றியது குற்றமா? ஆனால் மாமியாரும் புருஷனும் கேட்கிற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. அது பேபிக்குத் தெரிந்திருந்தது.

"மறந்துட்டேன்னு ஈஸியா சொல்ற" என்றார் குமரவேல். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு புள்ள வூட்டுக்கு வருது. அதுக்குள்ள உன் செடி ஒண்ணு கூட இங்க இருக்கக் கூடாது."

பேபி அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தெருவில் வெயில் கொதித்த சிமென்ட் மேல் தண்ணீரைக் கவிழ்த்தாள். துள்ளல் அடங்கும் வரை நின்று பார்த்தாள்.

"ஏண்டி, உனுக்கு பைத்தியமா?" என்றேன். "ஒண்ணுமே சொல்லாம தண்ணிய கொட்டியிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எங்க கடிச்சிதுன்னு அவங்களுக்குத் தெரிய வாணாமாக்கா? தெரியலன்னா திருப்பியும் கடிக்கும்."

அவள் கையிலிருந்த தொட்டியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மினி லாரி வந்து நின்றது. குமரவேலே நின்று ஏற்றினார். பாதிக்கு மேல் ஏறிவிட்டது. எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று பேபிக்கே தெரியாது. கிண்ணங்களில் நின்ற தண்ணீர் தளும்பித் தெருவெல்லாம் கோடு போட்டிருந்தது. தெருவில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஜன்னல் ஜன்னலாக நின்றார்கள்.

ஆட்டோ வந்தது. சந்திரிகா இறங்கினாள், மாமியார் இறங்கினாள். தமிழினியைத் தூக்கி இறக்கினார்கள். குச்சி மாதிரி கை, கையில் ஊசி போட்ட பிளாஸ்திரி. குழந்தை லாரியைப் பார்த்தது.

"பேபிம்மா, எங்க எடுத்துக்கினு போற?"

பேபி தொட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டேயிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை.

"என் செடியும் போவுதாம்மா?" என்றாள் தமிழினி, அம்மாவைப் பார்த்து.

சந்திரிகா மகளின் கையை விட்டுவிட்டு லாரியருகே வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. மாமியாரையும் பார்க்கவில்லை. பேபியின் முன்னால் போய் நின்று, எல்லா ஜன்னலுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அக்கா, புள்ளைக்கு ஒரு செடி குடுங்க. பொடிப் பொட்டலத்தோட குடுங்க. இந்த வாட்டி பிரிச்சுப் போடறேன்."

பேபி கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தாள். "சும்மா இரு சந்திரிகா" என்றாள் மெதுவாக.

"போன வாட்டியும் பொட்டலம் கட்டித்தான் குடுத்தீங்க. போடணும்னு சொல்லித்தான் குடுத்தீங்க. நாந்தான் வெஷம்னு நெனச்சு பிரிக்கல."

மாமியார் "அடிப்பாவி" என்றாள். குமரவேல் லாரியின் மேல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மனைவியைப் பார்த்தார். பேபியைப் பார்த்தார். அவள் கை தானாக, முந்தின நாள் பொட்டலம் செருகிய இடுப்புப் பக்கம் போனதையும் பார்த்தார். டிரைவர், "கட்டலாமா சார்?" என்றான். அவர் கயிற்றைக் கீழே போட்டார்.

குனிந்து, ஓரத்திலிருந்த பெரிய தொட்டியைத் தூக்கினார். கிண்ணம் சாய்ந்து, டிகாஷன் நிறத் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்கக் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. இறங்கி, அந்தத் தொட்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"அப்பா, சட்டையில வால் புழுப்பா" என்றாள் தமிழினி. "மெதுவா எடுத்து உள்ள வுடு."